நிரந்தர முகவரி: துவா

அவரை நான் சந்தித்ததே ஒரு பிழையால்தான். பிழை அவருடையதல்ல, என் அலுவலகத்தினுடையது.

பம்பாய் மாநகராட்சியின் ஒரு வார்டில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் தலைமை எழுத்தராக இருந்தேன். இன்னார் வந்தார், இன்னார் போனார் என்று எழுதி வைப்பது எங்கள் வேலை. நடுவில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது வேறு இலாகா. ஒரு காலைப் பொழுதில், பழுப்புத் தலைமுடியை இறுகப் பின்னி, நூல் புடவையைக் கணுக்காலுக்கு மேலே கட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் என் மேசை முன் வந்து நின்றார். இடுப்பில் குழந்தை. கையில் அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்.

"நமஸ்காரம். இதுல துபாய்னு போட்டிருக்கேள். நாங்க துபாய் போனதே இல்லையே?"

மாட்டுங்காவில் எழுபது வயது மாமிகள் பேசுகிற தமிழ். பக்கத்து மேசைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

விசாரித்தேன். நிரந்தர முகவரி என்ற கட்டத்தை நிரப்புவதற்காக எங்கள் ஜன்னல் எழுத்தர் வழக்கம்போல "நேட்டிவ் கௌன்சா?", அதாவது சொந்த ஊர் எது, என்று கேட்டிருக்கிறார். பம்பாயில் எல்லோருக்கும் ஒரு நேட்டிவ் உண்டு. மூன்று தலைமுறையாகச் செம்பூரை விட்டு நகராதவனுக்கும் உண்டு. அம்மாள் நேர்மையாக "துவா" என்றிருக்கிறார். எழுத்தர் அதைக் காதில் விழுந்தபடி தேவநாகரியில் எழுதினார். தட்டச்சு செய்தவர், துவா என்றால் இந்தியில் பிரார்த்தனை ஆயிற்றே, பிரார்த்தனையை எப்படி நிரந்தர முகவரியாகப் போடுவது என்று யோசித்திருக்கிறார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார்கள். ஆகவே துபாய்.

"திருத்திடலாம்," என்றேன். "ஆனா பதிவேட்டுல அழிக்க முடியாது. தப்பு அப்படியே இருக்கும். ஓரத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவோம்."

"தப்பும் இருக்கும், சரியும் இருக்குமா?"

"ரெண்டும் இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. முப்பத்தேழு ஆண்டுப் பணியில் ஓரக்குறிப்பு விதியைக் கேட்டு மகிழ்ந்த ஒரே ஆள் அவர்தான். "ரொம்ப நன்னாருக்கு. ஊர் சரித்திரத்தையே இப்படித்தான் எழுதணும்," என்றார். அன்றிலிருந்து கடைசிவரை என்னை "ரிஜிஸ்ட்ரார் சார்" என்றே அழைத்தார். நான் ரிஜிஸ்ட்ரார் அல்ல, தலைமை எழுத்தர் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். மற்ற எல்லா விஷயத்திலும் இம்மியளவு பிசகையும் பொறுக்காதவர், இதை மட்டும் திருத்திக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்றபின் செம்பூரில் வீடு வாங்கிக் குடிபோனபோது, மாடிப்படியில் எதிரே வந்தவர் அவர். நான் முதல் மாடி, அவர் இரண்டாவது மாடி. கணவர் மாட்டுங்காவில் வளர்ந்தவர், மாஸ்கோவில் பொறியியல் படிக்கப் போய் அங்கே அவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர், டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தமிழ் சொல்லிக்கொடுத்தது மாமியார். அதனால்தான் அந்த எழுபது வயதுத் தமிழ்.

கட்டடத்தில் அவருக்கு 'ரஷ்யா மாமி' என்று பெயர். அதை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

"நான் ரஷ்யாவைப் பார்த்ததே பதினேழு வயசுலதான், படிக்கப் போனப்போ. எங்க ஊர்ல மலையைத் தாண்டினாத்தான் ரஷ்யான்னு சொல்லுவா."

"அப்ப நீங்க ரஷ்யக்காரி இல்லையா?"

"ரஷ்யக்காரிதான். ஆனா துவாக்காரி. ஆனா துவன் இல்லை."

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்துவார்கள். எனக்கு வேலை இல்லாததால் உட்கார்ந்து கேட்டேன். சைபீரியாவின் தென்கோடியில், மங்கோலியாவை ஒட்டி, மலைகளுக்குள் அடைபட்ட நிலம் துவா. இன்று ரஷ்யாவுக்கு உட்பட்ட ஒரு குடியரசு. குதிரையும் ஆடும் மேய்க்கும் துவன் மக்களின் பூமி. ரஷ்யர்கள் அங்கே பின்னால் வந்தவர்கள். இவருடைய அம்மா பிறந்தபோது துவா தனி நாடாகவே இருந்தது. "அம்மா வீட்டை விட்டு நகரவே இல்லை சார். நாடுதான் மாறிண்டே இருந்தது. வெளிநாட்டுல பொறந்தா, அதே வீட்ல சோவியத்துல என்னைப் பெத்தா." படிவம் நிரப்பியே வயதான எனக்கு இதைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்தது.

அவருக்கு ஒரு கேள்வி உண்டு. யாரைப் பார்த்தாலும், எந்த இடத்துக்குப் போனாலும் அதைக் கேட்டுவிடுவார். "உங்களுக்கு முன்னால இங்க யார் இருந்தா?" புதிதாக மிக்ஸி வாங்கியவர் வீட்டிலும் கேட்பார், கிரகப்பிரவேசத்திலும் கேட்பார். பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது கேட்கிற கேள்வியா அது?

கூடவே தடிமனான ஒரு நோட்டும் வைத்திருந்தார். துவாவுக்கு வந்த ரஷ்யர்களைப் பற்றிய பட்டியல். மூன்று பத்திகள். யார், எங்கிருந்து வந்தார் என்பது முதல் பத்தி. என்ன கொண்டுவந்தார் என்பது இரண்டாவது. அவர் வந்தபோது அந்த இடத்தில் யார் இருந்தார் என்பது மூன்றாவது. ஊசியும் துணியும் கொண்டுவந்து அணில் தோல் வாங்கிப்போன வியாபாரி அதில் இருந்தார். கண் நோய்க்கு மருந்து போட்டுக் கிராமம் கிராமமாகக் குதிரையில் திரிந்த மருத்துவர் இருந்தார். எழுத்தில்லாத துவன் மொழிக்கு எழுத்து அமைக்க உதவிய ஆசிரியர், தேனீப் பெட்டிகளைப் படகில் ஏற்றிவந்த குடியானவர், மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டு, உள்ளே வந்த குதிரையைச் சுட்டவர், எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்து, ஒரே மை.

"டாக்டரையும் குதிரையைச் சுட்டவனையும் ஒண்ணா வெச்சிருக்கேளே?"

"ரெண்டு பேரும் வந்தவாதானே சார். உங்க ரிஜிஸ்டர்ல நல்லவாளுக்குத் தனிப் புஸ்தகமா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

ஒரு சம்பவத்தைச் சொல்லத்தான் வேண்டும், எங்கள் வீட்டுக்குப் பெருமை சேர்ப்பது அல்ல என்றாலும். அவர் முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி காபியைத் தனியாக ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர் அது. வேலைக்காரிக்கும் பிளம்பருக்கும் உரியது. மாட்டுங்காவில் இருந்த காலத்துப் பழக்கம், எங்களோடு லாரியில் ஏறிச் செம்பூருக்கும் வந்துவிட்டது. அவர் டம்ளரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கைகொட்டிச் சிரித்தார்.

"அட, மாமி! எங்காத்துலயும் இதே மாதிரி தனிக் கோப்பை உண்டு!"

அவர் அம்மா வழியினர் பழைய வழிபாட்டுக்காரர்களாம். சிலுவைக் குறியை இரண்டு விரலால் போடுவதா மூன்று விரலால் போடுவதா என்ற சண்டையில், விரலை மாற்றிக்கொள்ள மறுத்துத் துவாவின் காட்டாற்று மேல்கரை வரை ஓடிவந்தவர்கள். கோயில் யானைக்கு எந்த நாமம் என்று நீதிமன்றப் படியேறிய நாம் இதற்குச் சிரிக்க முடியாது. அந்த வீடுகளில் வேற்று ஆள் குடிக்கத் தனிக் கோப்பை, கதவுக்கு அருகே ஆணியில் தொங்குமாம்.

"துவன் அம்மா ஒருத்தி தினம் எங்களுக்கு வெண்ணெய் கொண்டுவருவா. முப்பது வருஷம் அந்தக் கோப்பைலயே டீ குடிச்சா. ஒரு நாள் எங்கிட்ட கேட்டா. 'என் ஊருக்கு வந்து எனக்கே தனிக் கோப்பையா?' எனக்கு எட்டு வயசு."

சொல்லிவிட்டுக் காபியைச் சொட்டு மீதம் வைக்காமல் குடித்தார். அவர் போனபின் என் மனைவி வெகுநேரம் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது.

துவாப் பட்டியல் முடிந்ததும், நோட்டின் பின்பக்கத்திலிருந்து எங்கள் கட்டடத்துக்கு ஆரம்பித்தார். இருபத்து நான்கு வீடுகள். சிந்து மாகாணத்திலிருந்து வந்தவர், பாலக்காட்டிலிருந்து வந்தவர், திருநெல்வேலியிலிருந்து தாராவி வழியாக வந்தவர் என்று முதல் இரண்டு பத்திகளை எல்லோரும் ஆவலாக நிரப்பினார்கள். மூன்றாவது பத்தியில் வந்தது வினை. வாசலில் கூடை வைத்துக் கீரை விற்ற மராத்திக்கார அம்மாளின் மாமனாருடைய நெல் வயல்தான் எங்கள் கட்டடம் நிற்கிற மனை என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த மாதம்தான் வாசலில் கூடை வைக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பொதுக்கூட்டத்தில் இவர் எழுந்து, இருபத்து நான்கு வீட்டுக்கும் ஒரே மூன்றாவது பத்தியை வாசித்தார். அதே அம்மாளின் குடும்பப் பெயர், இருபத்து நான்கு முறை. எட்டாவது முறையில் செயலாளர், "மாமி, சமஜ் கயா, பஸ் கரோ," புரிந்தது, போதும் என்றார். இவர் நிறுத்தவில்லை. நோட்டீஸ் கிழிபட்டது. ஆனால் பல பேர் அதன்பின் படியில் அவரைக் கண்டால் மொபைலைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எனக்கும் அவரிடம் கொஞ்சம் பயம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துவாவில் ரஷ்யர்களுக்கு எதிராகக் கலகம் மூண்டு, ஜன்னல்களில் கல் விழ, அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் லாரியில் ஏறி மலையைத் தாண்டிப் போனவர்கள். சிறுவயதில் மாட்டுங்காவில், தென்னிந்தியருக்கு எதிராகக் கலவரம் மூண்டு அவர்கள் கடைகள் மூடப்பட்ட நாட்களில், என் அப்பா நாற்காலி போட்டு ஏறி, தமிழ்ப் பெயர்ப்பலகையைத் திருகாணி திருகாணியாகக் கழற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அவர் பெற்றோருக்காகப் பரிந்து பேசினேன். "அநியாயம்," என்றேன்.

"அவா பண்ணினது சரின்னு நான் சொல்லலை. அவா கேட்ட கேள்வி சரி," என்றார்.

கணவர் போய்ச்சேர்ந்த பிறகுதான் சங்கடம் வந்தது. இத்தனை ஆண்டுகளாக ரஷ்யக் கடவுச்சீட்டில், கணவரின் பேரில் தங்கும் அனுமதி பெற்று இருந்துவந்தார். கணவர் இல்லை என்றதும் அனுமதியை நீட்டிப்பது ஒவ்வொரு முறையும் இழுபறி ஆனது. மகள் கனடாவுக்கு வந்துவிடு என்று தினமும் போனில் அழுதாள்.

"இன்னொரு ஊரா? மூணாவது தடவை வந்தவளா இருக்க என்னால ஆகாது சார். இங்கயே இருக்கணும். வழி சொல்லுங்கோ."

வழி எனக்குத் தெரியும். இந்தியக் குடியுரிமைக்கு மனு. கோப்பு தயாரித்தேன். பெற்றோர் பிறந்த நாடு என்ற இடத்தில் ரஷ்யா என்று எழுதுங்கள், பிரச்சினை இல்லாமல் போகும் என்றேன். மறுத்தார். அம்மா பிறந்த தனி நாட்டின் பெயரை முழுசாக எழுதி, அது இப்போது ஏன் இல்லை என்று ஒரு பக்கம் விளக்கமும் இணைத்தார். அந்த ஒரு பக்கத்தால் ஏழு மாதம் தாமதம்.

மனுவோடு, இந்திய மொழி ஒன்று தெரியும் என்பதற்குச் சான்று வேண்டும். தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை எனக்குப் பழக்கம். அழைத்துப்போனேன். திருநெல்வேலிக்கார அம்மாள், கறார்.

"இந்தாருங்கம்மா, நல்லாத்தான் பேசுதீங்க. ஆனா எழுதத் தெரியணும்லா? சும்மா கையெழுத்துப் போட மாட்டேன்." ஒரு தாளை நீட்டினார். "'எனது சொந்த ஊர்'. பத்து வரி. எழுதுங்க."

உலகத்தில் வேறு தலைப்பே இல்லையா? பசு, மாமரம், தீபாவளி என்று எத்தனை இருக்கிறது.

இவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொந்த ஊர்னா எது? நான் பொறந்ததா, எனக்குச் சொந்தமானதா?"

"ஊருன்னா ஊருதாம்மா. நேட்டிவ் பிளேஸ்."

"நேட்டிவ் நான் இல்லையே. அங்க நேட்டிவ் துவன்காரா. நாங்க அவா புல்வெளில போய் உக்காந்துண்டோம்."

ஆசிரியை என்னைப் பார்த்தார். "சார், இவுக எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே."

"உங்களுக்கு முன்னால இந்தத் தாராவில யார் இருந்தா?" என்று இவர் திருப்பிக் கேட்டார். கோப்பு இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆசிரியை சிரித்துவிட்டார். "மீன் பிடிக்கிற கோலிக்காரவுக இருந்தாவ. எங்க தாத்தா தோல் வேலைக்கு வந்து எறங்கும்போது இடுப்பளவு சேறாம். நாங்க வந்துதான் ஊராச்சுன்னு எங்காளுக சொல்லுவாங்க. அவுகளக் கேட்டா வேற சொல்லுவாவ. அது கெடக்கட்டும், நீங்க எழுதுங்க."

எழுதினார். அந்தத் தாளின் நகல் என் கோப்பில் இருக்கிறது:

"நான் பிறந்தது ஒரு ஆத்தங்கரை. ஆறு எங்களோடது இல்லை. என் கொள்ளுத் தாத்தா வந்தபோது அங்கே குதிரை மேய்ச்சுண்டிருந்தா. அவாளைக் கேக்காமல் வீடு கட்டினோம். நல்ல வீடு. பிற்பாடு அவா எங்களைக் கேக்காமல் போகச் சொன்னா. இப்போது செம்பூரில் இருக்கேன். இங்கேயும் யாரையும் கேக்கலை. இப்போதுதான் கேக்கிறேன்."

ஆசிரியை சிவப்புப் பேனாவால் 'மேய்ச்சுண்டிருந்தா'வை அடித்து 'மேய்த்துக்கொண்டிருந்தார்கள்' என்று எழுதினார். மொத்தம் ஒன்பது பிழை. பத்து வரியும் இல்லை. "எழுத்துல ஒம்பது தப்பு. சொன்னதுல ஒண்ணுங் கெடையாது," என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

மனு ஏற்கப்பட்டது, ஒரு நிபந்தனையோடு. பழைய குடியுரிமையைத் துறந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அதைத் துறக்க அவர்கள் தூதரகத்தின் படிவத்தை நிரப்ப வேண்டும். படிவத்தோடு, அந்த நாட்டில் எந்த முகவரியிலும் தன் பெயர் இல்லை என்று ஒரு சான்று வைக்க வேண்டும். அவர் பெயரோ, பதினேழு வயதில் விட்டு வந்த அந்த ஆற்றங்கரை வீட்டின் குடியிருப்போர் ஏட்டில் அப்படியே இருந்தது. எந்த எழுத்தரும் அழிக்கவில்லை. கிராம அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டோம். பதில் இல்லை. கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. அது தவறினால் மனு தள்ளுபடி, பிறகு கனடாதான்.

கடைசியில் அந்த வீட்டு முகவரிக்கே விரைவுத் தபாலில் எழுதினார், இப்போது குடியிருப்பவர் யாரோ அவருக்கு. கடிதத்தில் தன் போன் எண்ணும் கொடுத்திருந்தார். கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு முற்பகல், மூச்சிரைக்க எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "ரிஜிஸ்ட்ரார் சார், வாங்கோ, வந்துடுத்து!" கோப்புப் பையோடு அவர் வீட்டுக்கு ஏறினேன். வாட்ஸாப்பில் சான்றின் படம். பெயர் நீக்கப்பட்டது என்று முத்திரையோடு. இப்போது அந்த வீட்டில் இருப்பவர் ஒரு துவன் பெண்மணி. பனியில் ஒரு முழு நாள் பயணம் செய்து வட்டார அலுவலகத்தில் உட்கார்ந்து வாங்கியிருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வரி.

"என்ன எழுதியிருக்கா?"

"அடுப்பு புகையறதாம். ஏன்னு கேக்கறா."

இவர் உடனே வீடியோவில் அழைத்தார். திரையில் தலைக்குத் துண்டு கட்டிய ஒரு முகம் வந்தது, சிரித்தபோது தங்கப்பல் தெரிந்தது. பின்னால் சுவரளவு உயரத்தில் சுண்ணாம்பு பூசிய அடுப்பு. இவர் ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார், பிறகு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இரண்டாவது மாடியில் நின்றபடி, இல்லாத ஒரு சுவரைத் தடவுவதுபோல இடது கையைத் தூக்கினார்.

எனக்காக நடுநடுவே தமிழிலும் சொன்னார். "இடது பக்கம்… மூணாவது வரிசை… அந்தச் செங்கல் மட்டும் ஆடும். அப்பா உள்ள ரெண்டாவது தகடு வெச்சிருந்தார். அதை இழுத்தாத்தான் புகை மேல போகும்."

அந்தப் பெண்மணி செங்கலை உருவி உள்ளே கைவிட்டார். திரை கறுப்பானது. கரி கொட்டி, போன் கீழே விழுந்து, மறுபடி எடுத்தபோது மூக்கிலிருந்து நெற்றிவரை கறுப்பு. பின்னால் நெருப்பு பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் இருமிக்கொண்டே நீளமாக ஏதோ திட்டினார்.

"'முப்பது குளிர்காலம் இருமினோம். ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டுப் போயிருக்கப்படாதா?'ங்கறா."

"நீங்க என்ன சொன்னேள்?"

"அப்பாவுக்கு நேரமில்லை, லாரி வாசல்ல நின்னுண்டிருந்ததுன்னேன்."

பிறகு அந்தப் பெண்மணி கரிக் கையாலேயே போனைத் தூக்கி, வீட்டின் ஒவ்வொரு அறையாக மெதுவாகக் காட்டினார். இவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அழைப்பு முடிந்ததும் குடியுரிமை துறப்புப் படிவத்தை மேசையில் வைத்தேன். எல்லாக் கட்டமும் முன்பே நிரம்பியிருந்தது. இடம், தேதி, கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவை வாங்கினார். ஒரு காற்புள்ளியைக்கூட ஐந்து முறை சரிபார்ப்பவர், ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்திட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

இடம் என்ற கட்டத்தில், மும்பை என்று இருக்க வேண்டிய இடத்தில், அந்த ஆற்றங்கரைக் கிராமத்தின் பெயர் இருந்தது.

அவர் கவனிக்கவில்லை. நான் பைக்குள் கைவிட்டு வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தேன். நான்கு நகல் எடுத்து வைத்திருந்தேன், அது என் வழக்கம். அவர் படிவத்தைப் பார்த்தார், முதல் தாளைப் பார்த்தார். காது சிவந்தது. பிறகு எல்லாக் கட்டங்களையும் முதலிலிருந்து, நிதானமாக, நிரப்பத் தொடங்கினார். இந்த முறை மும்பை.

பதினான்கு மாதம் கழித்து இந்தியச் சான்று வந்தது. பிழையான படிவத்தை உடனே கிழித்துவிட வேண்டும் என்பது விதி, அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் புதுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த அன்று, அதை நான் இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கிழிக்கச் சொல்லவில்லை.